வடிவுக்குச் சடை விழுந்தது

மே 12, ஞாயிறு

இன்று ஆரம்பித்துவிட்டேன். அம்மா மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்துக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து, வீடியோவில் என் அக்கா கோமதி சொல்லச் சொல்லத் தலைமுடியைக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டத்து முடியிலும் கற்றாழைச் சோற்றைத் தடவி, விரலால் ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே போய் நுனியில் விட்டுவிட வேண்டும். பின்னந்தலைக்கு வரும்போது கை இரண்டும் மரத்துப்போயின.

"நேர்முடிக்காரங்க வந்தா சீப்ப வச்சு மேல மேல வாரிச் சிக்கு உண்டாக்கணும்ட்டி. நமக்குக் கை கழண்டுபோயிரும். உனக்கு அந்தப் பாடெல்லாம் கெடையாது. சுருட்டை தானாவே ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிடும். திருகிவிட்டுட்டு நீ சும்மா இருந்தாப் போதும்" என்றாள் அக்கா.

அவளுக்கு இதுதான் வேலை. வர்க்கலாவில் கடற்கரையை ஒட்டி ஒரு பியூட்டி பார்லர். வெள்ளைக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் டிரெட்லாக் என்று இப்படிச் சடை போட்டு அனுப்புகிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஜோமோன் அத்தானோடு போனவள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. சங்கரபாண்டி மாமா, அம்மாவின் அண்ணன், நடுவீட்டில் நின்று சொன்னார்: "அவ இங்க வந்தாலும் சரி, நீங்க அவ வீட்டுக்குப் போனாலும் சரி, அன்னைக்கோட நம்ம உறவு முடிஞ்சுது." அப்பா இறந்தபிறகு எங்களைத் தாங்கிப்பிடித்தவர் மாமாதான். அம்மா வாயே திறக்கவில்லை. நான் மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எதற்கு இந்த வேலை என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது. காலேஜ் சேர்ந்த நாள் முதல் சுருட்டையை நேராக்குகிறேன் பேர்வழி என்று சூட்டுக் கம்பியால் இழுத்து இழுத்து, குளியலறை பூராவும் கருகல் வாடை. போதும் என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான். மற்றபடி ஒரு மத்தியானம் முழுக்க அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது நன்றாக இருந்தது.

அம்மா வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"என்னளா இது? தலையில கொத்தவரங்கா காய்ச்சுத் தொங்குது?"

மே 13, திங்கள்

அம்மா பேசவில்லை. தோசை மட்டும் தட்டில் வந்து விழுந்தது.

மே 19, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். ஷாம்பு, சீயக்காய் எதுவும் கூடாதாம், உள்ளே தங்கிவிடும். பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்த தண்ணீர்தான். எண்ணெய் அறவே கிடையாது. பாதிக்குப் பாதி பிரிந்துவிட்டது. அழுகையே வந்தது. "பிரியட்டும்ட்டி, திரும்பத் திருகு, அதுக்கு இன்னும் பழகல" என்றாள் அக்கா. நன்றாகக் காயவைக்க வேண்டும், ஈரத்தோடு விட்டால் முக்கல் வாடை வரும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், அவளுக்கு ஐந்தாம் மாதம் முடியப் போகிறதாம்.

நான் கத்திவிட்டேன். அம்மா அடுக்களையிலிருந்து "என்னளா?" என்றாள். கரப்பான்பூச்சி என்றேன்.

"அம்மாட்ட சொல்லாத" என்றாள் அக்கா. திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "சொன்னாலும் ஒண்ணுமில்ல. தலைப்பிரசவம்லா. அம்மா பக்கத்துல இருந்தா எனக்குப் பயம் இருக்காது" என்றாள். ஜோமோன் அத்தானுக்கு அப்பா அம்மா இல்லை. பிரசவம் பார்க்க அங்கே பெண்துணை என்று ஒருத்தரும் கிடையாது. ஊரில் எவளெவளுக்கோ பேறுகாலம் பார்க்க அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள். பெற்ற மகளுக்குப் போக முடியாதாம். என்ன கொடுமை இது!

மே 27, திங்கள்

நான் வேலை பார்ப்பது பாளையங்கோட்டையில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடையில். பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை, எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். முதலாளி டேனியல் அண்ணாச்சி இன்று என் தலையை அங்கும் இங்கும் சாய்ந்து பார்த்தார்.

"ஏம்மா வடிவு, இது தலையா, தேங்கா நாரா?"

"முடிதான் அண்ணாச்சி."

"சரி. எழுத்துப் பிழை இல்லாம பேனர் வந்தா எனக்கு நீ மொட்டையே போட்டாலும் கவல இல்ல."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தை எடுத்தேன். "யம்மா, அக்காவுக்கு..." என்று ஆரம்பித்ததும் "பால் பொங்குது" என்று எழுந்துபோய்விட்டாள். அடுப்பில் பாலே இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

தலை முழுக்க இப்போது பிசிறு. பார்க்கப் பஞ்சுமிட்டாய்தான். அக்காவுக்குக் காட்டினால் ஒரே சந்தோஷம். "இதான் நல்ல அடையாளம், உள்ள முடிச்சு விழ ஆரம்பிச்சிட்டு" என்கிறாள். தொட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் பட்டாணி போலக் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது.

ஒரே தொல்லை என்னவென்றால், பக்கத்துக் கட்டத்து முடிகள் வேரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவ்வப்போது பிரித்துவிடாவிட்டால் தலையே ஒரு பாயாகிவிடுமாம். பின்னந்தலை எனக்கு எட்டவில்லை. தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"இங்கன வந்து உக்காரு. சவத்த, பாக்கச் சகிக்கல" என்றாள் அம்மா.

அவள் காலடியில் உட்கார்ந்தேன். எண்ணெய் இல்லாத தலையைத் தொடுவதற்கே முகம் சுளித்தவள், பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வலிக்கவே இல்லை. சின்ன வயதில் எங்கள் இரண்டு பேர் தலையையும் இப்படித்தான் சிக்கெடுப்பாள். அக்கா தலைதான் அதிகச் சுருட்டை, அவள்தான் அதிகம் அழுவாள்.

"இந்த வித்தையெல்லாம் யாருளா உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யூடியூப்ல பாத்தேன்."

அம்மா இன்னொரு முடியைப் பிரித்தாள்.

"யூடியூப்புக்கு உடம்பு எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்கு" என்றேன். அவள் விரல் அடுத்த முடிக்குப் போனது.

ஜூன் 25, செவ்வாய்

பரணிலிருந்து பழைய நூல் சேலைகளை எல்லாம் இறக்கி, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தாள் அம்மா. தரை துடைக்கவாம். அத்தனை மெத்தென்ற துணியில் யார் தரை துடைப்பார்கள் என்று தெரியவில்லை. அடுப்பில் சுக்கும் மிளகும் திப்பிலியும் வறுபட்டு வீடே மணத்தது. கேட்டால் பக்கத்து வீட்டு மூக்கம்மா அத்தையின் மருமகளுக்குப் பேறுகால மருந்து என்றாள். மூக்கம்மா அத்தையின் மருமகள் துபாயில் இருக்கிறாள். நான் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

ஜூலை 7, ஞாயிறு

மாமா வந்தார். எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறாராம், கோவில்பட்டிப் பக்கம், அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்களாம். சொல்லிக்கொண்டே திரும்பினவர் என் தலையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கத்தினார்.

"ஏளா சொர்ணம்! என்ன கோலம் இது? மூத்தவ ஓடிப்போனா. எளையவ பரதேசியாயிட்டாளா? இன்னைக்கே வெட்டி எறியச் சொல்லு. கத்திரி எங்க?"

"மாமா, இது ஒரு ஸ்டைலு..." என்றேன்.

"வாய மூடுளா!"

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். "அண்ணே, அத விடுங்க. மூத்தவளுக்கு இப்ப..." என்று தொடங்கியதும் மாமா கையைத் தூக்கிவிட்டார். "அந்தப் பேச்ச எடுத்தா நான் இப்பவே எந்திரிச்சுப் போயிருவேன்." அம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு மூக்கம்மா அத்தை வந்தாள். போன மாதம் வரை எனக்குப் பேன் என்று தெருவெல்லாம் சொன்னவள். இன்று என் பக்கத்தில் வந்து ஒரு சடையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"வெட்டச் சொல்லாதீய அண்ணாச்சி. சடை விழுந்த தலையில கத்திரி படக்கூடாது. வெட்டுனா வீட்டுக்கு ஆகாது. இது யாரு வந்து எறங்கிருக்கான்னு பாக்க வேண்டாமா?"

"அத்தை, நான்தான் திருகினேன், கற்றாழை வச்சு!"

"நீ திருகுனேன்னு நெனைக்க. உன்னத் திருக வச்சது யாரு?"

மாமா ஒரு அடி பின்னால் போனார். அதுவரை வீடு அதிரப் பேசிக்கொண்டிருந்த மனிதர், குரலை இறக்கி, "சரி, சரி, யோசிச்சுச் செய்வோம்" என்று காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அம்மா சிரிக்கவில்லை. மாமா போன தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூலை 15, திங்கள்

கோவில்பட்டிக்காரர்கள் வரவில்லை. "சாமி குடியிருக்கிற தலைக்கு நாங்க எப்பிடிப் பூ வைக்க?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். என் சடைகளுக்கு இன்று கூடுதலாகக் கற்றாழை வைத்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

ஆடிச் செவ்வாய். வாசலில் மூன்று நான்கு பெண்கள். ஒருத்தி எலுமிச்சம்பழம், ஒருத்தி மஞ்சள், ஒருத்திக்கு மகன் வெளிநாடு போவானா என்று தெரிய வேண்டும். "எனக்கு பேனர் அடிக்கத்தான்க்கா தெரியும்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவ்வளவு தன்மையாகப் பேசுகிறாளே என்று அதற்கும் கும்பிடு போட்டார்கள். கடையிலும் இதே கதைதான். கொடை பேனர் கொடுக்க வந்தவர்கள் "அந்தப் பிள்ள கையாலயே அடிக்கட்டும்" என்கிறார்கள். டேனியல் அண்ணாச்சி ஜெபமாலையை உருட்டிக்கொண்டே "யாவாரம் நல்லாருக்கும்மா, வெட்டிராத" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வயிறு நன்றாகத் தெரிகிறது இப்போது. முகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

"அப்பம் எனக்கும் ஒரு குறி சொல்லு தாயே" என்றாள்.

"கேளு மகளே" என்றேன் விளையாட்டாக.

"அம்மா வருவாளா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 31, புதன்

நேற்றும் ஆடிச் செவ்வாய், நேற்றும் வாசலில் கூட்டம். எனக்கு அலுத்துவிட்டது. இன்னொரு பக்கம் ஒரு நினைப்பும் வந்து தொந்தரவு செய்கிறது. எல்லோரும் நம்புகிறார்கள். கண்ணை உருட்டி, தலையை ஒரு சுற்றுச் சுற்றி, "போடி உன் மூத்த மகளிடம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது காரியம். ஆனால் என்னால் ஆகாது. அம்மாவிடம் போய் நான் சாமி வேஷம் கட்டுவதா? நாளைக்கு அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதைவிட இந்தச் சடையை வெட்டிப் போட்டுவிட்டுப் பழையபடி வடிவாக இருப்பது மேல்.

கத்திரியைத் தேடினேன். தையல் பெட்டியில் இல்லை, அலமாரியில் இல்லை, அடுக்களையிலும் இல்லை.

"தேடாத" என்றாள் அம்மா, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே.

"எங்க வச்ச?"

"ஆடி முடியட்டும். அதுவர அதுல கை வச்ச, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அம்மாவும் நம்ப ஆரம்பித்துவிட்டாளா? இந்த வீட்டில் புத்தியோடு இருந்த ஒரு ஆளும் போயிற்று.

ஆகஸ்ட் 5, திங்கள்

அக்காவுக்கு பிரஷர் ஏறியிருக்கிறதாம். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். பார்லருக்குப் போகக்கூடாது. அத்தான் வாடகை ஸ்கூட்டர் கடையைத் திறக்கப் போய்விட்டால் வீட்டில் அவள் மட்டும் தனியாக. இன்று பேசும்போது அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சடை எப்படி இருக்கிறது, வேர் இறுகிவிட்டதா என்று என் தலையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு நேரே அம்மாவிடம் போனேன். பால் பொங்கட்டும், வீடே பொங்கட்டும், இன்றைக்கு விடுவதில்லை என்று போனேன்.

"யம்மா, அக்காவுக்கு எட்டு மாசம். பிரஷர் இருக்கு. தனியாப் படுத்துக் கெடக்கா. நீ போவியா மாட்டியா?"

அம்மா அதிர்ச்சியடையவில்லை. நான் அக்காவிடம் பேசியதையெல்லாம் காதில் வாங்கியிருப்பாள்; எத்தனையாவது மாதம் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது போலிருந்தது.

"உங்க மாமாவ மீறி நான் எப்பிடிளா போவேன்? உங்கப்பா செத்தப்ப நம்மளக் கைதூக்கிவிட்டது யாரு? நாளப்பின்ன உனக்கு ஒண்ணுன்னா முன்னால நிக்கப்போறது யாரு?"

"அதுக்காகப் பெத்த மகள விட்டுருவியா?"

"என் வயித்தெரிச்சலக் கெளறாத, போ அங்க!"

நானும் சும்மா இருக்கவில்லை. நீயெல்லாம் ஒரு அம்மாவா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், ஆனால் ஆத்திரம். அம்மா கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைத்தாள். துவைத்த துணியையே திரும்பவும் துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 10, சனி

அம்மா மாமாவுக்குப் போன் போட்டு, கடைசி ஆடிச் செவ்வாய்க்குக் கூழ் காய்ச்சுகிறேன், கண்டிப்பாக வந்துவிடுங்கள் என்றாள். எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சினதே இல்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே அம்மா தலைமுழுகி மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். என்னையும் குளிக்கச் சொன்னாள். கூழ் குடிக்கத் தெருப் பெண்கள் வந்தார்கள், மூக்கம்மா அத்தை முதல் ஆளாக. மாமாவும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் தலை இருக்கும் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

அம்மா நடுவீட்டில் பலகையைப் போட்டு, "உக்காரு" என்றாள். சாமி கும்பிடத்தான் என்று நினைத்து உட்கார்ந்தேன். சடையெல்லாம் முன்னால் விழ அவிழ்த்துவிட்டாள். நெற்றி நிறையக் குங்குமம் வைத்தாள். சூடம் ஏற்றித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, யாரும் எதிர்பார்க்கவில்லை, என் எதிரே முழங்காலிட்டு இரண்டு கையையும் ஏந்தினாள்.

"ஆத்தா! என் மூத்த மக கோமதி மாசமா இருக்கா. தலைப்பேறு. தாயில்லாப் பிள்ள மாதிரி அந்நிய ஊர்ல கெடக்கா. நான் போவட்டா, வேண்டாமா? எங்கண்ணன் முன்னால கேக்கேன். நீ சொல்லு தாயே!"

மூன்று வருடத்துக்குப் பிறகு அம்மா வாயிலிருந்து அக்காவின் பெயர். மாமா எழுந்து நின்றுவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. வேஷம் போடக்கூடாது என்று நினைத்திருந்தேனே, வேஷம் போடத் தெம்பும் இல்லை.

"யம்மா, எந்திரி. நான் வடிவும்மா. சாமியுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்: "அக்கா உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. போம்மா. நீ போ."

அம்மா படாரென்று மாமா பக்கம் திரும்பினாள்.

"கேட்டியளாண்ணே? போன்னு சொல்லிட்டா. எல்லாரும் கேட்டியள்லா?"

மூக்கம்மா அத்தை குலவையிட்டாள். அவ்வளவுதான், மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "நான் அப்படிச் சொல்லல" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

மாமா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எரிகிற சூடத்தைப் பார்த்தார். பிறகு மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் கைகூப்பினார். எனக்குக் கூச்சத்தில் உடம்பே சுருங்கிவிட்டது.

"ஆத்தாவே சொன்னபொறவு நான் யாரு?" என்றார். அப்புறம் அம்மாவிடம், யாருக்கும் கேட்காத குரலில், "எட்டா, ஒம்பதா?" என்றார்.

"ஒம்பது பொறக்கப் போவுதுண்ணே."

"இதுவர சும்மா இருந்திருக்கியே, கிறுக்கி" என்று சொல்லிவிட்டு ரயில் டிக்கெட் எடுக்கப் போனவர்தான், கூழ் குடிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

ரயிலில் எழுதுகிறேன். மாமா ஸ்டேஷன் வரை வந்து பையைத் தூக்கிக் கொடுத்தார். அக்காவுக்கு என்று நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தார். கேரளாவுக்குப் போகிறவர்களிடம் நேந்திரங்காய் சிப்ஸ்! நான் சொல்லவில்லை, பாவம்.

நாகர்கோவில் தாண்டியதும் அம்மாவைக் கேட்டேன்.

"யம்மா, உண்மையச் சொல்லு. என் தலையில ஆத்தா வந்துட்டான்னு நீ நம்பினியா?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் என் சடை ஒன்று அவள் கன்னத்தில் பட்டது. எடுத்து என் காதுக்குப் பின்னால் செருகினாள்.

"பெத்த பிள்ளய எனக்குத் தெரியாதாளா? அழும்போது மூக்கு செவக்கதெல்லாம் வடிவுக்குத்தான்."

"அப்பம் எதுக்கு அந்தக் கூத்து?"

"நான் சொன்னா அண்ணன் கேப்பாவளா?"

"மாமாவுக்காகவா அத்தனையும்?"

அம்மா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதில் வராது என்று நினைத்து நான் போனை எடுத்தேன்.

"அவுக மட்டுமா?" என்றாள். "போ, போன்னு மூணு வருசமா எனக்குள்ள நானே சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். நான் சொன்னத நானே கேக்கலையே."

ஆகஸ்ட் 15, இரவு

வர்க்கலா. அக்கா கதவைத் திறந்தாள். நாங்கள் வருவதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பயணம் நின்றுபோனால் அவள் தாங்கமாட்டாள் என்று பயம். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கண் மட்டும் அம்மாவின் முகத்திலிருந்து இறங்கவே இல்லை.

அம்மா மன்னிப்பும் கேட்கவில்லை, அழவும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். முதலில் அக்காவின் வயிற்றில் கையை வைத்தாள், அப்புறம் குனிந்து வீங்கின காலை அழுத்திப் பார்த்தாள்.

"நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காருளா கோமதி" என்றாள்.